குட்டிக் கதிரையில் ஸ்ரீஸ்கந்தராசா

முழங்கால்கள் இரண்டும் தாடையை முட்ட, சிவப்பு நிறக் குட்டிக் கதிரையொன்றில் ஸ்ரீஸ்கந்தராசா குந்தியிருக்கிறார். கதிரை நாலு வயதுக்காரருக்கென்று செய்தது. அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது, உடம்பும் தாராளம். எழும்பினால் கதிரையும் கூடவே எழும்பும். கனடாவில், ரெக்ஸ்டேல் பக்கத்து நேர்சரியொன்றில் அவர் கதிரையோடு வாசல்வரை நடந்து, "தாங்க்யூ மிஸ்" என்று வணக்கமும் சொன்ன பிறகுதான் இரண்டு பிள்ளைகள் பின்னால் பிடித்து இழுத்து அதை மீட்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அவர் அதை மறுக்கிறார். வாசல்வரை போகவில்லையாம், பாதி வழிதானாம்.

வியாழக்கிழமை காலையில் அவருக்கு வேலை முடிந்தால் அடுத்த வேலை வெள்ளி இரவுதான். பாண் பேக்கரியில் விடியும்வரை மா பிசையும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றவர், காதோரத்தில் மா அப்பியபடியே வீடு வந்து, மகள் கஜனிக்குத் தொப்பியும் கையுறையும் மாட்டி, அவளைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுவார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற தகப்பனைப்போல ரெக்ஸ்டேலிலிருந்து அஜக்ஸ் வரைக்கும் நேர்சரி பார்த்துத் திரிவார்.

"பிள்ளையோ நீங்களோ நேர்சரிக்குப் போறது?" என்று மனைவி குணவதி கேட்பாள்.

"சும்மா இரும். கத்தரிக்காயெண்டாலும் நாலு கடை பாத்துத்தானே வாங்கிறனீர்?"

"நான் கத்தரிக்காய்க் கடையிலை குறட்டை விடுறேல்லை."

நித்திரையில்லாத கண்ணோடு போகிறவருக்கு எந்த நேர்சரியும் பாதி நனவும் பாதி கனவுமாகத்தான் தெரியும். ஜன்னலில் ஒட்டிய கடதாசி மீன்கள் மெல்ல வாலசைக்கும். ஒரு பிள்ளை அடுக்கிய மரக்கட்டைக் கோபுரம் கூரையைத் துளைத்துக்கொண்டு பனிமேகத்துக்குள் ஏறும். அவர் திடுக்கிட்டு நிமிரும்போது கோபுரம் நாலு கட்டை உயரத்தில் நிற்கும்.

இத்தனை அலைச்சலுக்கும் காரணம் கஜனியின் வாய். வீட்டுக்குள் அவள் ஒரு வானொலி நிலையம். செய்தி, நாடகம், நேயர் விருப்பம் எல்லாம் உண்டு, இடைவேளைதான் இல்லை. வீட்டுக் கதவு திறந்ததோ, நிலையம் மூடிவிடும். லிப்டில் பேச்சில்லை, பஸ்ஸில் பேச்சில்லை, சொக்கிலேற் தந்த மாமியிடமும் பேச்சில்லை. நாக்கைக் கழற்றிக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிட்டு வருகிறாளோ என்று ஒருநாள் அவர் திறந்தும் பார்த்தார். உள்ளே முந்தைய நாளின் கருவாட்டுக் குழம்புதான் இருந்தது. காதும் தொண்டையும் நல்லாயிருக்கின்றன, பொறுத்துப் பாருங்கள் என்றார் வைத்தியர்.

ஆனால் செப்ரெம்பர் மாதம் பொறுக்காதே! அப்போது அவள் பெரிய பள்ளிக்கூடம் போகவேண்டும். கோப்பிக் கடையில் வைத்து நண்பர் அகஸ்ரின் அவரைப் பயமுறுத்திவிட்டார். "கதையாத பிள்ளையெண்டு புறம்பா ஒரு வகுப்பிலை போட்டுடுவாங்கள் மச்சான். போட்டால் பிறகு எடுக்கேலாது." அது உண்மையா பொய்யா என்று அகஸ்ரினுக்கே தெரியாது. அன்று தொடக்கம் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு ஒரே ஒரு ஆசை. செப்ரெம்பருக்கு முதல், வீட்டுக்கு வெளியே, நாலு பேர் நடுவில், கஜனி ஒரு சொல் சொல்லவேண்டும். எந்தப் பாஷையென்றாலும் சரி.

முதலில் அவர் மயங்கியது மொண்டிசோரிப் பள்ளியொன்றில். அங்கே பிள்ளைகள் பூனைகளைப்போல நடந்தார்கள். ஒரு சொட்டும் சிந்தாமல் ஒரு குவளையிலிருந்து மறு குவளைக்குத் தண்ணீர் வார்த்தார்கள். தங்க நிற மணிகளைக் கம்பியில் கோத்து எண்ணினார்கள். பிறகு எல்லாரும் கண்ணை மூடி, ஊசி விழுந்தாலும் கேட்கும்படி சும்மா இருக்கும் விளையாட்டு நடந்தது. ஸ்ரீஸ்கந்தராசாவும் மரியாதைக்குக் கண்ணை மூடினார். தங்க மணிகள் கம்பியை விட்டுக் கழன்று, மின்மினிகளாகப் பறந்து வந்து அவருடைய இமைமேல் இருந்தன. கண் விழித்தபோது அவர்மேல் ஒரு சின்னப் போர்வை கிடந்தது. சுற்றிவர இருந்த பிள்ளைகள் அவருடைய குறட்டையை மிகுந்த கவனத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உங்கள் மகளைப்போல அமைதியான பிள்ளையை நான் கண்டதே இல்லை" என்று அந்த ரீச்சர் ஆங்கிலத்தில் மெச்சினார். ஸ்ரீஸ்கந்தராசா வீடுவரைக்கும் பெருமூச்சு விட்டுக்கொண்டு வந்தார்.

அடுத்தது அருள்நாயகி ரீச்சரின் வகுப்பு. நிலக்கீழ் அறையில் பாய் விரித்து நடக்கிறது. அவர் குரலை உயர்த்தினால் மேல்வீட்டுக்காரரும் சேர்ந்து ஆனா ஆவன்னா சொல்வார்கள். "விளையாட்டெண்டால் வீட்டிலை விளையாடட்டும். என்னட்டை வந்தால் படிப்பு" என்பது அவருடைய கொள்கை. எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகக் கத்த, கஜனியின் உதடும் அசைந்தது. ஸ்ரீஸ்கந்தராசா காதைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தார். காற்றுத்தான் வந்தது.

"வாய் அசையுதுதானே? காணும். சத்தம் பிறகு வரும்" என்றார் அருள்நாயகி.

மின்னல் முந்தி, இடி பிந்தி வருவதுபோலாக்கும் என்று ஸ்ரீஸ்கந்தராசாவும் பஸ் தரிப்பில் நின்று கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தார்.

போன மாசிப் பனிக்குள் மூன்றாவதாக அவர் போனது ரூஜ் பக்கத்தில் ஒரு தேவாலய மண்டபத்துக்கு. அதைப் பற்றி முதலே கேள்விப்பட்டு முகம் சுளித்திருந்தார். அங்கே பாடமென்று ஒன்றும் இல்லை, நாள் முழுக்க விளையாட்டுத்தானாம். உள்ளே சந்தை இரைச்சல். ஒரு பிள்ளை கைநிறைய நீலச் சாயத்தோடு போனது. இன்னொன்று தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு சுவரோடு பேசியது. நடுவில் மரத்தொட்டி ஒன்று. அதைச் சுற்றிப் பிள்ளைகள் கோப்பையால் எதையோ அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். காலடியில் நறநறவென்று ஏதோ மிதிபட, ஸ்ரீஸ்கந்தராசா குனிந்து பார்த்தார். அரிசி!

அந்தரப்பட்டுச் சப்பாத்தைக் கழற்றினார். ஒரு காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது.

"சப்பாத்தோடை வரலாம் அண்ணை" என்றாள் அங்கே படிப்பிக்கும் றோசலின். மன்னார்ப் பக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும்.

"அரிசியை மிதிக்கலாமே தங்கச்சி?"

"உது பழுதாப்போன அரிசி. கடைக்காரர் எறிய வைச்சிருந்தவர்."

அவர் தொட்டியைப் பார்த்தார். அரிசி, சுற்றிவரச் சின்னப் பிள்ளைகள். நித்திரை தூங்கிய மூளையில் சட்டென்று ஒரு விளக்கு எரிந்தது.

"ஓ! ஏடு தொடக்கிறியளோ?"

றோசலின் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் முழங்காலில் இருந்துவிட்டார். போன விஜயதசமிக்குக் கோயிலில் ஏடு தொடக்கி, அரிசியில் முதல் எழுத்து எழுதுவிக்கும்போது கஜனி கையைப் பொத்திக்கொண்டு விரலைக் கொடுக்கவேயில்லை. ஐயர் அந்தப் பொத்திய கையையே பிடித்து அரிசியில் உருட்டிவிட்டார். அதனால்தான் சரஸ்வதி இவள் நாக்கில் இறங்காமல் வெளியே நிற்கிறாளோ என்ற சந்தேகம் அவருக்கு உள்ளூர இருந்தது. இந்தக் கனடாக்காரர் விஜயதசமி வரைக்கும் காத்திராமல் ஒவ்வொரு நாளும் தொடக்கிறார்கள். என்ன அருமையான பள்ளிக்கூடம்!

உள்ளங்கையால் அரிசியை மட்டமாகப் பரவினார். உச்சியில் பிள்ளையார் சுழி போட்டார். கோப்பை ஏந்திய பிள்ளைகள் வேலையை விட்டுவிட்டு, பெரிய மனிதர் ஒருவர் விளையாட வந்த அதிசயத்தைப் பார்த்தார்கள். அவர் கஜனியின் சுட்டுவிரலை இறுக்கிப் பிடித்து அரிசியில் ஊன்றினார்.

"சொல்லு பிள்ளை. ஆ...னா."

முதல் வளைவு வந்தது. விரல் விறைத்தது. அவர் இன்னும் இறுக்கினார்.

"விடுங்கோப்பா!"

மண்டபத்தின் மரக்கூரைவரை போய்த் திரும்பி வந்தது சத்தம். ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வாளித் தலைப் பிள்ளை சுவரோடு பேசிக்கொண்டேயிருந்தது. ஸ்ரீஸ்கந்தராசா மட்டும், கனவாயிருந்தால் கலைந்துவிடுமே என்று, கண் இமைக்காமல் இருந்தார். அவருடைய பிடி தளர்ந்தது.

பக்கத்தில் நின்ற செம்பட்டைத் தலைச் சிறுமி கோப்பைக்குக் கை நீட்டினாள். "இது என்ரை! நீ அதை எடு" என்றாள் கஜனி, தெளிவான தமிழில். மற்றவள் விளங்கியவள்போல அதை எடுத்தாள்.

"கேட்டியளோ தங்கச்சி?" என்றார் அவர், மூச்சுக்குள்.

"கேட்டது அண்ணை. இனி எழுதுவிக்கப் போறியளோ?"

கஜனி கோப்பையை அரிசிக்குள் ஆழமாக விட்டாள். சுழியும் போனது, பாதி ஆனாவும் போனது. நிறைய அள்ளி, தகப்பனின் அந்தரத்தில் நின்றுபோன கையில் கொட்டத் தொடங்கினாள். ஒரு மணியும் சிந்தக்கூடாதென்று அந்தக் கை தானாகவே குழிந்து ஏந்தியது.

"இன்னும் ஊத்தட்டோ அப்பா?" என்று உரக்கக் கேட்டாள்.

ஸ்ரீஸ்கந்தராசா தலையாட்டினார். பிறகு மெல்ல, அரிசி தொட்டிக்குள் வழியட்டுமென்று, ஒவ்வொன்றாக விரல்களை விரித்தார்.