யாருக்கோ வந்த ஓடிபி

கண்ணாடிக் கடையில் ஃப்ரேமுக்கு லென்ஸ் பொருத்துகிறவள் அவள். புது சிம் வாங்கியதிலிருந்து சாயங்காலமானால் முன்பின் தெரியாத யாருடைய கணக்குக்கோ ஓடிபி வந்துகொண்டிருந்தது. பெரிய தலைவலியாகப் போயிற்று.

ஒருநாள் வயதான ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். "நீ வச்சிருக்கிறது என் பொண்ணோட பழைய நம்பரும்மா. அவ இப்ப உயிரோட இல்ல. போட்டோவெல்லாம் அந்தக் கணக்குல மாட்டிக்கிச்சு. இப்ப வந்த நம்பரை மட்டும் சொல்லேன்."

"ஓடிபியை யாருக்கும் சொல்லக்கூடாதுங்க," என்று வைத்துவிட்டாள்.

"என்னமா நடிக்கிறாங்க!" என்று விஷயத்தைக் கேட்ட கணவன் சிரித்தான்.

ஓடிபி நிற்கவில்லை. லென்ஸைத் துடைக்கும்போதெல்லாம் அந்தக் குரல் காதில் கேட்டது. கடைசியில், கடையின் பின்கட்டுக்குப் போய் அவளே கூப்பிட்டாள்.

"அம்மா, இப்ப அனுப்புங்க. சொல்றேன்."

வந்த எண்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு போன் கட்டாகிவிட்டது.

அதோடு ஓடிபி வருவது நின்றது. திரும்பக் கூப்பிட்டபோது அந்த எண் ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருந்தது. பெற்றவளுக்குத்தான் கணக்கைத் திறந்துவிட்டோமா, அல்லது இறந்துபோனவளின் முகத்தை எவனுக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டோமா என்று அவளுக்குத் தெரியவில்லை. சாயங்காலமானால் கை தானாகப் போனைத் தேடுகிறது. கணவனிடம் இதுவரை மூச்சுவிடவில்லை.