மதகடியில் கிடைத்த பச்சைக் கல்

ஆராய்ச்சிப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் தனியொருத்தியாகக் கல்வராயன் மலைக்குப் போனேன். கண்டத்தின் மேலோடு இழுபட்டு மெலிந்தால் பள்ளம் விழும்; கடல் புகுந்து சேறு படியும். இழுவை மிஞ்சினால் மேலோடே அற்று, அடியில் கிடக்கும் பாறை கடல் தரைக்கு ஏறி வந்துவிடும். பிறகு எப்போதோ இரு கண்டங்கள் மோதும்போது, அந்தப் பள்ளம் நசுங்கி மலைக்குள் சிக்கிக்கொள்ளும். அடிப்பாறையின் கரும்பச்சைத் துண்டுகள் அதற்குச் சாட்சி. அப்படியொரு பள்ளம் இந்த மலையிலும் சிக்கியிருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

துணைக்கும் கல் மூட்டை சுமக்கவும் வெள்ளிமலையில் ஒரு பெண்ணை நாள் கூலிக்கு வைத்துக்கொண்டேன். என் வயதுதான் இருக்கும். எலவனாசூர்கோட்டைப் பக்கத்தில் பிறந்து, சாலை வேலைக்கு மலையேறி வந்து, இங்கேயே வாழ்க்கைப்பட்டவள்.

மூன்று வாரம் வெறும் கருங்கல்தான். நான்காவது வாரம், மலைப்பாதையின் மதகுக்குக் கீழே, மண்ணில் பாதி புதைந்து, வழவழவென்று கரும்பச்சைக் கற்கள். உடைத்துப் பார்த்தேன்; நான் தேடி வந்த அடிப்பாறையேதான். அன்று மாலையே பேராசிரியருக்குக் கடிதம் எழுதி, கள்ளக்குறிச்சியில் தபாலில் சேர்க்கச் சொல்லி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தேன்.

மறுநாளும் அங்கேயே நான் பொறுக்குவதைப் பார்த்து அவள் கேட்டாள்: “இன்னாத்துக்குங்க இத்தப் போயி இவ்ளோ ஜாஸ்தியா எடுத்துக்கினு இருக்கீங்க?”

கடல், பள்ளம், மோதல் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

“நீங்க சொல்றது நெசமாவே இருக்கலாங்க. ஆனா இது இந்த மலைக் கல்லு இல்ல. மதகு கட்டசொல்ல சேலத்துப் பக்கமிருந்து லாரியில வந்துச்சு. எறக்குனவங்கள்ல நானும் ஒருத்தி.”

நம்ப மனம் வரவில்லை. மண்வெட்டி வாங்கித் தோண்டினேன். முழங்கை ஆழத்தில் சிமென்ட் ஒட்டிய பச்சைக் கல் வந்தது. அதற்கும் கீழே கருங்கல். முதலில் அவள்மேல்தான் கோபம் வந்தது, நேற்றே சொல்லக் கூடாதா என்று. நேற்று நான் எதைத் தேடுகிறேன் என்று அவளிடம் சொல்லவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

கள்ளக்குறிச்சிக்கு இறங்கிப் பேராசிரியருக்கு டெலிபோன் செய்தேன். கடிதம் அவருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. வந்தால் பிரிக்க வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்; சொன்னேன். இதையும் ஆய்வேட்டில் எழுது என்றார்.

அதன்பின் சாலையோரக் கல் எதையும் அவளைக் கேட்காமல் நான் பைக்குள் போடவில்லை. களப்பணிப் பருவம் முடிந்து இறங்கும்வரை, மலைக்குச் சொந்தமான பச்சைக் கல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அப்படியே எழுதிக் கொடுத்தேன். பட்டம் ஒரு வருஷம் தாமதமாக வந்தது.