காதல் ஜோடி தஞ்சம்

எங்கள் கல்யாணத்துக்கு இருக்கிற ஒரே புகைப்படம் பேப்பரில் வந்ததுதான். என் கணவர் அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து, பீரோவில் ரேஷன் கார்டோடு வைத்திருந்தார். போன பொங்கல் லீவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்த எங்கள் மகள், ஆதார் அட்டையைத் தேடியபோது அதை வெளியே எடுத்தாள். அதைப் பற்றி அவளுக்குத் தெரியும். ஆனால் அதிலிருந்த மற்ற செய்திகளை அதுவரை அவள் படித்ததில்லை.

கூடத்தில் நின்றுகொண்டு டிவியில் செய்தி வாசிப்பவள் போலக் குரலை மாற்றிப் படித்தாள். "பனமரத்துப்பட்டி ஏரி விரைவில் தூர்வாரப்படும்: அதிகாரி உறுதி. குடிநீர் கேட்டுக் காலிக் குடங்களுடன் பெண்கள் மறியல். ஆத்தூரில் மரவள்ளி விலை சரிவு, விவசாயிகள் கவலை."

"ஏம்மா, இது போன வாரத்துப் பேப்பரா?" என்றாள். நாங்கள் மூவரும் சிரித்தோம்.

அந்தப் பக்கத்திலேயே பெரிய படம் ஒரு பசுவினுடையது. ஓமலூர் பக்கம் கிணற்றில் விழுந்த பசுவைத் தீயணைப்பு வீரர்கள் கயிறு கட்டி மேலே தூக்கியிருந்தார்கள். சுற்றிலும் ஊரே நின்று சிரித்துக்கொண்டிருந்தது. பசுவை அதன் வீட்டுக்காரர்கள் மஞ்சள் பூசி அழைத்துப் போனார்களாம். அதற்குக் கீழே, அதில் பாதி அளவில் நாங்கள். 'காதல் ஜோடி போலீசில் தஞ்சம்: பட்டதாரிப் பெண்ணுடன் டிரைவர் ஓட்டம்.'

நான் பட்டதாரி இல்லை. பி.காம். இரண்டாம் வருடத்தோடு கிளம்பி வந்தவள். அவரும் அப்போது டிரைவர் இல்லை, போர் போடும் ரிக் வண்டியில் ஹெல்பர். பேப்பர்காரர்கள்தான் எங்கள் இருவருக்கும் பதவி உயர்வு கொடுத்தார்கள். ஓடவும் இல்லை. நாமக்கல்லுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் எடுத்துத்தான் போனோம்.

எங்கள் அப்பாவுக்குத் தோட்டமும் கோழிப்பண்ணையும் இருந்தன. என் கணவருடைய அப்பா அதே தோட்டத்தில் கூலிக்கு வெங்காயம் பிடுங்கியவர். இதற்கு மேல் சாதியை நான் விளக்க வேண்டியதில்லை. ஸ்டேஷனுக்கு அப்பாவை வரவழைத்தார்கள். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"பொண்ணு மேஜருங்க. நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எனக்குப் பொண்ணே இல்லீங்க" என்றார் அப்பா.

வெளியே ஒரு நிருபர் கேமராவோடு நின்றிருந்தார். அப்பா அவரிடம் போய்க் கையைக் கூப்பினார். பண்ணைக்குக் கடன் கேட்கப் போனபோதுகூட அவர் யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. "போட்டா வேணும்னா போட்டுக்குங்க. பேரும் ஊரும் மட்டும் போட்டுப்போடாதீங்க சாமி" என்றார். நிருபர் தலையாட்டினார். மறுநாள் பேரும் வந்தது, ஊரும் வந்தது, அப்பா பேரும் வந்தது. எங்களை ஒட்டிய பத்தியில் 'முட்டை விலை உயர்வு: பண்ணையாளர்கள் மகிழ்ச்சி' என்று இருந்தது.

அப்பா அன்றோடு பேப்பரை நிறுத்திவிட்டாராம். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் அந்தப் பேப்பரை மடித்து எங்கள் வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள் என்று பல வருடம் கழித்து அம்மா போனில் சொன்னாள். அப்பா செத்தபோது என்னை வாசல் வரைக்கும்தான் விட்டார்கள்.

இதெல்லாம் மகளுக்கு அரைகுறையாகத் தெரியும். அன்று படித்து முடித்ததும் அவள் அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவர் அப்போதும் பசுவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, எனக்கும் ஒருத்தரைப் பிடிச்சிருக்குதுங்க. கூட வேலை செய்யறாரு."

"அட! எந்த ஊரு?"

"ராசிபுரம் பக்கம்."

அவர் சிரிப்பை நிறுத்தவில்லை. "என்ன ஆளுங்க?"

மகள் என்னைப் பார்த்தாள். "நீங்களா கேக்கறீங்க?"

"பெத்தவன் கேக்காம ஆரு கேப்பாங்க? சொல்லு சாமி."

சொன்னாள். எங்கள் அப்பாவின் கணக்கில் என் கணவர் எத்தனை படி கீழே இருந்தாரோ, இவருடைய கணக்கில் அந்தப் பையன் அத்தனை படி கீழே. படிக்கட்டு கீழே போய்க்கொண்டே இருக்கிறது. கடைசிப் படியை இன்னும் யாரும் எனக்குக் காட்டவில்லை.

"வேண்டாஞ்சாமி. நாளைக்கு நாலு பேரு மூஞ்சில எப்படி முழிக்கறது?" என்றார்.

"ஏனுங்க, அந்த நாலு பேரு நம்ம கல்யாணத்துக்கு வந்தாங்களா?" என்று கேட்டேன்.

"வரலீல்ல? அதனாலதான் சொல்றேன். பட்டவனுக்குத்தான் தெரியும்."

பட்டவள் நானும்தான். என் அப்பாவிடம் அன்றைக்குக் கேட்க முடியாமல் போனதையெல்லாம் இவரிடம் கேட்டேன். ரிக் வண்டியில் வடநாடெல்லாம் சுற்றிக் காது மந்தமாகி, இப்போது ஓமலூரில் டயர் கடை வைத்திருக்கும் மனிதர். அன்று எல்லாமே அவருக்குக் கேட்டது. அந்தப் பக்கத்தை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார். மகள் அடுத்த நாள் காலையிலேயே பஸ் ஏறிவிட்டாள்.

சித்திரையில் கோயம்புத்தூர்ப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். நான் போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். பையனுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவுங்க வரலீங்களா?" என்று கேட்டாள். அவருக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. ஆனால் கையையும் விடவில்லை. வாசலில் ஒரு நிருபரும் இல்லை. போனில் யாரோ போட்டோ எடுத்தார்கள்.

ஓமலூருக்குத் திரும்பியபோது அவர் டயர் கடையைச் சாத்திவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்களிடம், எங்கள் மகளுக்குச் சென்னைக்கு வேலை மாறுதல் என்று சொல்லியிருந்தாராம்.

"சாப்பாடு எங்க?" என்றார்.

"ஓட்டல்ல."

"நல்லாருந்துச்சா?"

"நல்லாருந்துச்சு."

அவர் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். நான் சேலையை மாற்ற உள்ளே போனேன்.