மூட்டை தைத்தவளின் வீடு

மரக்காணம் உப்பளத்தில் அமராவதிக்கு மூட்டை தைக்கிற வேலை. கோணி ஊசியில் சணலைக் கோத்துச் சாக்கின் வாயை அவள் இழுத்துத் தைத்தால், லாரியிலிருந்து உருட்டிவிட்டாலும் ஒரு கல் உப்பு சிந்தாது. இந்தக் கைவரிசையை உப்பளத்தோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. அவள் வீட்டிலும் அதையே செய்தாள்.

வீடு என்றால் ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. எந்தப் பொருள் புழக்கத்திலிருந்து போனாலும், உப்பளத்தில் சும்மா கிடைக்கிற பழைய சாக்கில் அதைப் போட்டு, வாயைத் தைத்து, சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக அட்டி போட்டுவிடுவாள். புயலுக்குக் கொடுத்த போர்வை, இலவச மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி, மகள் வினோதினியின் பள்ளிக்கூட யூனிஃபார்ம், கைப்பிடி போன குக்கர், எல்லாம் மூட்டைக்குள்தான். தைத்ததை அப்புறம் யார் பிரிப்பது? எதில் என்ன இருக்கிறதென்று அவளுக்கே தெரியாது. அட்டி வருஷா வருஷம் வளர்ந்து ஜன்னலை மூடிவிட்டது. நாளெல்லாம் உப்பு வாரிவிட்டு வரும் புருஷன் மாயவன் காலை நீட்டினால் மூட்டையில்தான் இடிக்கும்.

"இது வூடா, கொடோனா?" என்பார்.

"கொடோனுக்கு ஒரு வாட்ச்மேன் வேணுமில்ல, படுய்யா" என்பாள்.

கஞ்சம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அது கஞ்சத்தனம் இல்லை, பயம். கல்யாணமாகி வந்த வருஷமே புயலடித்து, குடிசைக்குள் தண்ணீர் புகுந்து சட்டி பானை பாய் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிற்று. ஊரோடு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது, மாற்றுப் புடவைக்கு முன்பின் தெரியாத ஒருத்தியிடம் கை நீட்ட வேண்டியதாயிற்று. புதுப்பெண்ணுக்கு அந்த வெட்கம் ஆறவே இல்லை. அன்றிலிருந்து அவள் வீட்டுக்குள் வந்தது எதுவும் வெளியே போனதில்லை.

ஐப்பசியில் வினோதினிக்கு வளைகாப்பு. பொம்மையார்பாளையத்தில் மாப்பிள்ளை வீட்டில் நடந்தது. வளையல் போட்டதும் பெண்ணைத் தாய் வீட்டுக்குக் கூட்டிப் போவது முறை. கலந்த சாதமெல்லாம் ஆக்கி எடுத்துக்கொண்டு போயிருந்தாள் அமராவதி. கிளம்பும் நேரத்தில் வினோதினி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"நான் வரலம்மா. இங்கியே இருந்துக்கறேன்."

"இன்னாடி பேச்சு இது? தலப்பிரசவம்டி."

"அங்க எங்கம்மா படுப்பேன்? கொழந்தைய எங்க போடுவேன்? அட்டி சரிஞ்சி மேல வுழுந்தா இன்னா பண்றது?"

மாமியார் ஞானாம்பாள் கெட்டவளாக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். நல்ல பெண்மணி. "இங்க எடம் இருக்குது சம்பந்தி, நான் பாத்துக்கறேன். நீங்க மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்க" என்று தன்மையாகச் சொன்னாள். அதுதான் அமராவதிக்கு அதிகமாகச் சுட்டது. மகளில்லாமல் காலிப் பாத்திரங்களோடு பஸ் ஏறினாள். தலைப்பிரசவத்துக்குக்கூடப் பெண் வந்து படுக்க முடியாத வீடு என்ன வீடு என்று வழியெல்லாம் மனசு கேட்டுக்கொண்டே வந்தது.

மழைக்காலத்தில் பாத்தியெல்லாம் வெள்ளம், உப்பளத்தில் வேலை கிடையாது. கார்த்திகை பிறந்து ஒரு நாள் வானம் வெளுத்து நல்ல வெயில் அடித்தது. அமராவதி அரிவாளை எடுத்துப் புடவையை இழுத்துச் செருகினாள்.

"யார வெட்டப் போற?" என்று மாயவன் எழுந்து உட்கார்ந்தார்.

"தையலத்தான். நீ மேல ஏறித் தள்ளுய்யா."

உப்பளத்தில் அவளோடு மூட்டை தைக்கும் சிவசங்கரி வீட்டு வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அந்த மூட்டைகளுக்குள் என்னதான் இருக்கிறதென்று அவளுக்கு ரொம்ப நாளாக ஒரு குறுகுறுப்பு. முதல் மூட்டையைத் தெருவில் போட்டுப் பிரித்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். போர்வைகள் சொதசொதவென்று நனைந்து கறுத்துக் கிடந்தன. கூரை ஒழுகவில்லை. உப்பு மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக் கசியும் என்பது உப்பளத்தில் நடை பழகும் பிள்ளைக்கும் தெரியும். கழுவாத உப்புச் சாக்கில் துணியைக் கட்டினால் அதுவும் நனையும். இத்தனை வருஷம் உப்பிலேயே கிடந்தவள் இதை வீட்டில் மட்டும் மறந்துபோனாள். சும்மா கிடைத்த சாக்காயிற்றே, தானத்துக்கு வந்த மாட்டைப் பல்லைப் பிடித்தா பார்ப்பார்கள்? உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பழமொழி. அவள் வீட்டிலோ உப்புப் பட்ட பண்டமெல்லாம் குப்பைக்குப் போக ஆரம்பித்தது.

லேசில் போகவில்லை. துருப்பிடிக்காத நாலைந்து மூடிகளை அமராவதி மெல்ல ஒதுக்கி வைத்தாள்.

"இந்த மூடிக்கெல்லாம் பாத்திரம் எங்கக்கா?" என்றாள் சிவசங்கரி.

"கெடைக்கும்."

"இனிமே பொறந்துதான் வரணும்." மூடிகள் பழைய இரும்புக்காரர் வண்டிக்குப் போயின.

வெயில் சாயும் நேரத்தில் அடி வரிசையில் ஒரு மூட்டை வந்தது. அதை மட்டும் பார்த்ததுமே அமராவதிக்கு அடையாளம் தெரிந்தது. இரட்டைத் தையல் போட்டது. உடுத்தி உடுத்திப் பூப்போல ஆன நூல் புடவைகளை, வினோதினிக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தூளி கட்டவென்று, மகளின் கல்யாணத்துக்கு முன்னாலேயே எடுத்துத் தைத்து வைத்திருந்தாள். பிரித்து ஒரு புடவையை இழுத்தாள். கையோடு கிழிந்து வந்தது. அடுத்ததும் அப்படியே.

சிவசங்கரி கேலியை நிறுத்திக்கொண்டாள். அமராவதி அந்தக் கிழிசலை மடியில் வைத்துக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். கொடியில் சும்மா கிடந்திருந்தால்கூட இவை பிழைத்திருக்கும். தான் பத்திரப்படுத்தியதால்தான் பாழாயிற்று என்பது அவளுக்கு நன்றாகவே புரிந்தது, ரொம்ப வலித்தது. பிறகு எழுந்தாள். மிச்ச மூட்டைகளை அவள் நின்று பார்க்கக்கூட இல்லை. "இன்னா இருக்குதுன்னு பாக்க வேணாமா?" என்று மாயவன் கேட்டதற்கு, "வேணாம், தூக்கு" என்றாள். அதுவரை பிரித்ததில் நன்றாக இருந்த பிளாஸ்டிக் குடங்களைத் தெருவில் கேட்டவர்களுக்குக் கொடுத்தாள். கொடுத்துப் பழகாத கை, முதல் குடத்தை மட்டும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தது.

மறுநாள் தரையைச் சோடா உப்புப் போட்டுத் தேய்த்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். ஜன்னல் திறந்தது. சிமெண்ட் அலமாரியின் தட்டுகளைத் துடைத்துக் காகிதம் விரித்து அப்படியே காலியாக விட்டாள். புழங்குகிற பாத்திரம் மட்டும் சமையல்கட்டில். மகளுக்குப் போன் போட்டு, "வந்து பாத்துட்டாவது போடி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மருமகன் ஜெயசீலன் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு அவளைக் கூட்டிவந்தான். பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவதாகத்தான் பேச்சு. வினோதினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலையைத் தாண்டியவள் நடு அறையில் அசையாமல் நின்றாள். இருமினால் சுவர் திருப்பி இருமியது. ஜன்னல் வழியாகக் காற்று வந்தது.

"அலமாரி யாருக்கும்மா?"

"ஒனக்கும் கொழந்தைக்கும். கீழ்த்தட்டு மருந்து மாத்திரைக்கு."

"உன் துணியெல்லாம் எங்க?"

"எனக்கின்னா, ரெண்டு பொடவ. கொடியில கெடக்குது."

வினோதினி சமையல்கட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். மாயவனின் லுங்கிக்குப் பக்கத்தில் இரண்டு புடவைகள் தொங்கின. வேறு எதுவும் இல்லை. அவற்றை எடுத்து மடித்து, உள்ளே வந்து, அலமாரியின் நடுத்தட்டில் வைத்தாள்.

"எடம் பண்ணச் சொன்னேன். உன்ன வெளிய போவச் சொன்னனா?" என்றாள்.

வினோதினி தரையில் மெல்ல உட்கார்ந்து, ஒரு கையை ஊன்றிப் படுத்து, கால்களை நீட்டினாள். கால் எதிலும் இடிக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே கிடந்துவிட்டு வாசலில் நின்ற புருஷனைக் கூப்பிட்டாள்.

"நீங்க கெளம்புங்க. நாளைக்கு வரப்போ என் துணியும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் எடுத்தாந்துடுங்க. அத்தைகிட்ட நான் பேசிக்கறேன்."

அமராவதிக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொள்ள ஒரு மூட்டைகூட அந்த வீட்டில் இல்லை. மகளுக்கு முன்னாலேயே நின்று அழுதாள்.