இரண்டு மணிச் சங்கு

அம்மா இரத்த அழுத்த மாத்திரையைச் சில நாள் மறப்பாள். சில நாள் விழுங்கியதை மறந்து மறுபடியும் விழுங்குவாள். அப்படி இரண்டு விழுங்கி, சுரங்கக் கம்பெனி கட்டித் தந்த எங்கள் லைன் வீட்டு வாசலில் மயங்கி விழுந்தபோது நான் பெங்களூரில் வேலையில் இருந்தேன். மறுநாள் முதல் இருபது நாள் விடுப்பு. அதற்குள் அவள் மதிய மாத்திரையைத் தனியாகப் போடப் பழகினால் நான் மறுபடி ரயில் ஏறலாம். இல்லையென்றால் வேலையை விட வேண்டியதுதான்.

காலண்டரில் குறியிடச் சொன்னேன். ஒரே நாளில் அந்த மாதம் முழுக்கக் குறித்துவிட்டாள்.

"முன்னாடியே முடிச்சு வெச்சா நல்லதுதானே" என்றாள்.

கைபேசியில் மணி வைத்தேன். "யாரோ கூப்புடறாங்க, எடு" என்று என்னிடமே கொண்டுவந்தாள்.

பன்னிரண்டாம் நாள், இதையெல்லாம் எழுதிவந்த என் நாட்குறிப்பைப் புரட்டியபோது காரணம் பிடிபட்டது. கைபேசி மணியோடு அவளுக்கு எந்தப் பழக்கமும் இல்லை. மைன்ஸ் ஓடிய காலத்தில் ஷிப்ட் முடிந்து இரண்டு மணிச் சங்கு ஊதினால் எங்கள் லைனில் எல்லா வீட்டிலும் குளிக்க வெந்நீர் வைப்பார்கள். சங்கொலி ஒன்றைத் தேடிக் கைபேசியில் ஏற்றினேன்.

அது ஊதியதும் எழுந்து நேராக அடுப்படிக்குப் போய்ப் பெரிய குண்டானை ஏற்றினாள்.

"இன்னாம்மா பண்றே?"

"இன்னா பண்றேன்னா? ஷிப்ட் வுட்டாச்சு. உங்கப்பா மண்ணோட வந்து நிப்பாரு."

அப்பா இறந்து ஒன்பது வருடம். மறுநாள் குண்டான் மூடிமேல் ஒரு மாத்திரையை வைத்தேன். மூடியைத் தூக்கியவள் எடுத்து விழுங்கினாள். ஆறு நாள், ஒன்றுகூடத் தவறவில்லை.

ஆனால் அடுப்பைப் பற்றவைத்த கையோடு வாசலுக்குப் போய் நின்றுவிடுவாள். ஒரு நாள் அடுப்பை அணைக்க வேண்டுமென்றே எழாமல் இருந்து பார்த்தேன். தண்ணீர் வற்றிக் குண்டான் கருகிய பிறகும் அவள் தெருவைப் பார்த்தபடியே நின்றாள். மறுநாள் கேஸை மூடி வைத்தேன். அடுப்பு பற்றாததால் குண்டானைத் தொடவே இல்லை. மாத்திரை மூடிமேலேயே கிடந்தது. நெருப்பு இருந்தால்தான் மாத்திரை. நெருப்பு இருந்தால் நான் வீட்டில் இருக்க வேண்டும்.

விடுப்பின் கடைசி நாள் மறுபடி கேஸைத் திறந்துவிட்டேன்; அடுப்பேற்றிப் போனவள் வாசலிலிருந்து திரும்பி வந்தாள்.

"அவரு வரல. தண்ணி ஆறுது. நீயாவது குளிச்சுடு."

ஜன்னல் இல்லாத குளியலறையில் அவ்வளவு வெந்நீரையும் ஊற்றிக்கொண்டேன். ஈரத் தலையோடு உட்கார்ந்து, இனி வேலைக்கு வர இயலாது என்று அலுவலகத்துக்கு எழுதினேன்.