முள்வேலிக்கு வெளியே

போன வாரம் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது மருமகள் கைபேசியைக் கொண்டுவந்து காட்டினாள். யாரோ ஒருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு பேசுகிறார். ஊசி போட வந்தவர்களைக் கண்டு மலைக்கிராமத்து ஜனங்கள் காட்டுக்குள் ஓடினார்களாம். சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். "இவங்களுக்கெல்லாம் எப்ப சார் புரியப்போவுது?" என்று வேறு கேட்கிறார். தோசை கருகிவிட்டது. எனக்கு மூட்டு தேய்ந்துவிட்டது, ஒரு காது சரியாகக் கேட்பதில்லை, கோபம் மட்டும் இருபத்திரண்டு வயதில் இருந்த மாதிரியே இருக்கிறது. உங்களிடம் கொட்டாமல் யாரிடம் கொட்டுவது?

கருகல் வாசனை என்றாலே எனக்கு ஸ்பிரிட் விளக்குத்தான் ஞாபகம் வரும். அம்மை குத்துகிற கருவியை ஒவ்வோர் ஆளுக்கும் அதன் சுடரில் காட்டி எடுக்க வேண்டும். திருகாணி போல ஒரு சின்னக் கருவி, முனையில் பொடிப்பொடியாகப் பற்கள். கையில் மருந்தைத் தொட்டு வைத்து, இதை அழுத்தி ஒரு திருகு. அவ்வளவுதான் என் உத்தியோகம். வாணியம்பாடியில் திரைக்குப் பின்னால் வாழும் கோஷா பெண்கள் இருக்கிற வீடுகளுக்குள் ஆண்கள் போக முடியாது என்பதால் என்னை வேலைக்கு எடுத்தார்கள். அப்பா தோல் மண்டியில் இருந்தவர். வேலைக்கு மனு எழுதிக் கொடுத்ததே அவர்தான். அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் நாலாவது நாள் வேலைக்குப் போனேன்.

மலைமேல் இருக்கிற நெல்லிவாசல் நாட்டு ஊர்களில் பெரியம்மை என்று தகவல் வந்தபோது, அங்கே போக வேண்டிய ஆண் ஊழியருக்குத் திடீரென்று வயிற்றுவலி வந்துவிட்டது. வயிற்றுவலிக்கு அப்போதெல்லாம் நல்ல நேரம் பார்க்கத் தெரியும். என்னை அனுப்பினார்கள். ஆலங்காயம் வரை பஸ்ஸில் புர்காவோடு போனேன். ஏற்றத்தில் அது காலைத் தட்டும் என்று கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தேன். முழுக்கை ரவிக்கை, தலையில் முக்காடு, தோளில் பை. அந்த மலையில் என் முழங்கையை யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்காதீர்கள். அப்படித்தான் வளர்ந்தேன்.

முதலில் கீழூர். வீட்டுக்கு வீடு வேப்பிலை தொங்கியது. ஒரு வீட்டில் தாயும் பிள்ளையும் முகம் தெரியாமல் முத்துப்போட்டுக் கிடந்தார்கள். பிள்ளை தண்ணீர் கேட்டது. கொடுக்க ஆளில்லை. மடியில் எடுத்து வைத்துக்கொண்டு புகட்டினேன். எனக்குத்தான் அம்மை குத்தியிருக்கிறதே, என்ன பயம்? நோய் தொடாத வீடுகளில் எல்லோருக்கும் குத்திவிட்டு, பெரிய காரியம் செய்த நினைப்பில் அப்படியே மேலூருக்கு ஏறினேன்.

பாதையை மறித்து இலந்தை முள் போட்டிருந்தது. ஆள் உயரத்துக்கு வேலி. அந்தப் பக்கம் என் வயதில் ஒருத்தி, இடுப்பில் கைக்குழந்தை, கையில் கொடுவாள். பெயர் சடைச்சி என்று பிறகு தெரிந்தது.

"நில்லு. எங்கேருந்து வர்றே?"

"கீழூர்லேர்ந்து. அம்மை குத்த வந்திருக்கேன்."

"கீழூர்ல இன்னா பண்ணே?"

பிள்ளைக்குத் தண்ணீர் புகட்டியதைப் பெருமையாகவே சொன்னேன்.

"அந்தப் பொடவையோடவா வந்துக்கிறே?"

"எனக்கு வராதும்மா. நான் குத்திக்கிட்டவ."

"ஒனக்கு வராது. ஒம் பொடவைக்குக் குத்திக்கினியா?"

குனிந்து என் புடவையைப் பார்த்தேன். பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நோயாளியின் துணியைக் கொதிக்க வைக்க வேண்டும் என்று நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தேன். என் துணியும் ஒரு துணிதான் என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

அந்த ஊரில் அது பழைய வழக்கம். பக்கத்து ஊரில் அம்மை கண்டால் பாதையில் முள் விழும். உள்ளே இருப்பவர் வெளியே போவதில்லை, வெளியே இருப்பவர் உள்ளே வருவதில்லை. சடைச்சி கொடுவாளால் வேலிக்கு வெளியே ஒரு தழைக்குடிசையைக் காட்டினாள். அவளுடைய புருஷன் கீழூரில் தன் தாயைப் புதைத்துவிட்டு வந்தவன். அடுத்த பௌர்ணமி வரை அவனுக்கு அந்தக் குடிசைதான். பாறைமேல் சாமைச்சோற்றை வைத்துவிட்டு அவள் தள்ளிப்போன பிறகு வந்து எடுத்துக்கொள்வான்.

"எம் புருசனையே உள்ள வுடலே. பச்சப்புள்ள கீது. நீ யாரு?"

அவள் வைத்த நிபந்தனை இதுதான்: ஓடையில் முழுகி, என் துணியைப் பாறைமேல் வெயிலில் போட்டுவிட்டு, அவள் தருகிற புடவையைக் கட்டிக்கொண்டு வந்தால் மேற்கொண்டு பேசலாம். வேலிமேல் ஒரு புடவை வந்து விழுந்தது. புகையும் புளியும் மணத்தது. ரவிக்கை கிடையாது, அவர்கள் கட்டுகிற மாதிரி மார்பைச் சுற்றி முடிந்துகொண்டு, இரண்டு தோளும் வெறுமையாக ஓடையிலிருந்து வேலிக்குத் திரும்பினேன். அம்மா மட்டும் அங்கே இருந்திருந்தால் பெரியம்மைக்கு வேலையே இருந்திருக்காது, மாரடைப்பு முந்தியிருக்கும்.

கருவியையும் மருந்துக் குப்பிகளையும் ஸ்பிரிட்டில் துடைத்தேன், பொடியாக இருந்த மருந்தைக் கரைத்தேன். கரைத்துவிட்டால் பொழுது சாய்வதற்குள் போட்டாக வேண்டும், மறுநாளைக்கு ஆகாது. அந்த நேரம் பார்த்து என் மேலதிகாரியான சுகாதார இன்ஸ்பெக்டர் ஒரு போலீஸ்காரரோடு மூச்சு வாங்க ஏறி வந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னாம்மா இது கோலம்?" என்றவர் போலீஸ்காரர் பக்கம் திரும்பி, "வேலியப் பிரிய்யா. ஆளப் புடிச்சிப் போட்டாத்தான் இவங்களுக்குப் புரியும்" என்றார்.

"சார், கீழூர் வழியாத்தானே வந்தீங்க?"

"ஆமா, அதுக்கின்னா?"

"வூட்டுக்குள்ளேல்லாம் போனீங்களா?"

"போகாம? கணக்கு யார் எடுக்கிறது?"

"அப்ப நீங்க உள்ள போகக்கூடாது."

"யாருக்கு உத்தரவு போடறே?"

"உங்களுக்குத்தான் சார்."

தோள் தெரிகிறதே என்ற கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை. வேலிக்கு முன்னால் நின்றுகொண்டேன். மருந்துக் குப்பியைச் சாய்த்துப் பிடித்து, வேலியில் கை பட்டால் மண்ணில் ஊற்றிவிடுவேன் என்றேன். உண்மையில் ஊற்றியிருப்பேனா என்று இன்றுவரை எனக்கே தெரியாது. "வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்றார். "அம்மா சந்தோஷப்படுவாங்க சார்" என்றேன். போலீஸ்காரர் இருமுவது போலத் திரும்பிச் சிரித்தார்.

சடைச்சி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வேலியில் ஒரு கை நுழையும் அளவுக்குக் கொடுவாளால் முள்ளைக் கழித்தாள். முதலில் அவள் கை வந்தது. திருகும்போது முகம் சுளிக்கவில்லை. அடுத்து அவள் பிள்ளையின் கை, வாழைத்தண்டு மாதிரி. அது வீறிட்டதும், "அளுவட்டும். அளுவுறதுக்கு இருக்கணுமில்ல" என்றாள். பின்னாலேயே ஊர் முழுக்க வரிசையில் வந்தது. முகம் பார்க்காமல், கை மட்டும் பார்த்துக் குத்தினேன். வேலி கடைசிவரை திறக்கவில்லை. தழைக்குடிசைக்காரனுக்குக் கடைசியில் குத்தினேன். பொழுது சாய்ந்தது, மருந்தும் தீர்ந்தது.

இன்ஸ்பெக்டர் அறிக்கையில் 'ஊரார் ஒத்துழைக்கவில்லை, பலவந்தமாகப் போடப்பட்டது' என்று எழுதினார். அதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அதற்குப் பிறகு பல வருஷம் எனக்குப் பதவி உயர்வு வரவில்லை. வராவிட்டால் போகட்டும்.

கீழூரில் என் மடியில் தண்ணீர் குடித்த பிள்ளை பிழைக்கவில்லை. மேலூரில் ஒருவருக்கும் அம்மை வரவில்லை. பௌர்ணமி கழிந்து சடைச்சியின் புருஷன் வீட்டுக்குள் போனான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

போன காலத்தை நினைத்து உருகுகிறவர்கள் உருகட்டும். எனக்கு அந்த வியாதி கிடையாது. என் காலத்தில் ஊர் ஊராகப் பிள்ளைகளைத் தின்ற பெரியம்மை இப்போது உலகத்திலேயே இல்லை. எங்கள் அம்மை குத்தும் பிரிவையே மூடிவிட்டார்கள். வேலை ஒழிந்த அன்றைக்கு ஆபீஸில் லட்டு வாங்கிக் கொடுத்தவள் நான் ஒருத்திதான். இன்ஸ்பெக்டரும் ஒன்று எடுத்துக்கொண்டார்.