கை காணாமல் போன வில்லாட்டம்

இருபது வருஷம் எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறித்தவள் தலைச்சோலை கிராமத்து ஆராயி. நாற்பத்திரண்டு வயதில் முழங்கால் சரிவில் நிற்க மறுத்துவிட்டது. ஏற்காடு ஏரிக்கரையில் சேலத்துக்காரர் கோபி புதிதாகத் திறந்த வி.ஆர். விளையாட்டுக் கடையில் கூட்டித் துடைக்கச் சேர்ந்தாள்.

அங்கே வில்லாட்டம்தான் பிரசித்தம். ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டி, ஆளுக்கு இரண்டு கண்ட்ரோலரைக் கையில் பிடித்தால் உள்ளே வில்லும் அம்பும் தெரியும். நாணை இழுத்து விட வேண்டியதுதான். ஆனால் மூன்றாம் நாளே கோளாறு தொடங்கியது. ஆட்டத்தின் நடுவே உள்ளே தெரியும் வலது கை தானாகக் கழன்று கூரைப்பக்கம் போய்விடும். வந்தவர்கள் பாதியிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

கோபி பேட்டரி மாற்றினார். மெஷின் விற்ற சென்னைக் கம்பெனி இன்ஜினியர் புவனேஸ்வரி போனில் சொன்னதையெல்லாம் செய்தார். புது ஜோடி கண்ட்ரோலரும் வந்தது. அதுவும் அப்படியேதான். கோடை விழாவுக்கு நாலு நாள் இருக்கையில், எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட முடிவு செய்தார்.

துடைப்பத்தோடு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆராயிக்கு ஒன்று பட்டது.

"ஏனுங்க தம்பி, பனிமூட்டம் எறங்குனா ஒழுங்கா ஆடுதுங்க. வெயிலடிச்சாத்தான் கை ஓடிப்போவுது."

பனி வெளியே, மெஷின் உள்ளே, இரண்டுக்கும் என்னக்கா சம்பந்தம் என்று சொல்லிவிட்டு, அட்டைப்பெட்டி வாங்கச் சேலத்துக்கு இறங்கிவிட்டார் கோபி.

அன்று நல்ல வெயில். ஆராயி கதவைச் சாத்திவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஹெட்செட்டை மாட்டினாள். தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிதானித்தாள். நாணை இழுத்ததும் கை பறந்தது. கழற்றிவிட்டு அதே இடத்தில் நின்று சுற்றிலும் பார்த்தாள். அறை பெரிதாகத் தெரியட்டுமென்று கோபி மாட்டிய ஆளுயர நிலைக்கண்ணாடி வலப்பக்கம் இருந்தது. எதிர் ஜன்னல் வெயில் அதில் பட்டு, சரியாக அவள் கையின் மேல் அடித்தது.

கண்ணாடியைப் போர்வையால் மூடினாள். ஜன்னலுக்குச் சாக்குகளைச் சேர்த்துத் தைத்துக் கட்டினாள். லைட்டைப் போட்டுவிட்டு மறுபடி மாட்டினாள். கை நின்றது. முதல் அம்பு எங்கோ போனது. ஏழாவது அம்பு நடு வட்டத்தில் குத்தியது. தனியாக நின்று சிரித்தாள். முழங்கால் வலி ஞாபகமே இல்லை.

பெட்டிகளோடு வந்த கோபியிடம் கண்ட்ரோலர்களைக் கொடுத்தாள். அவர் நாற்பது அம்பு விட்டார். ஒரு தடவைகூடக் கை நழுவவில்லை. உடனே புவனேஸ்வரிக்குப் போன் போட்டு, ஆராயியையே பேசச் சொன்னார்.

கண்ட்ரோலரில் நம் கண்ணுக்குத் தெரியாத குட்டி விளக்குகள் இருக்கின்றன, ஹெட்செட் கேமரா அவற்றைப் பார்த்துத்தான் கை இருக்குமிடத்தை அறிகிறது, வெயிலும் கண்ணாடியும் அதைக் குழப்பிவிடும் என்று புவனேஸ்வரி விளக்கினாள்.

"அறை எப்படி இருக்குன்னு நான்தான் முதல்ல கேட்டிருக்கணும். நீங்க கண்டுபிடிச்சிட்டீங்கம்மா."

கோடை விழாவன்று வரிசை ஏரிக்கரை ரோடு வரை நின்றது. ஹெட்செட் மாட்டிவிட்டு, நிற்கும் இடம் காட்டி, ஆட்டம் சொல்லிக்கொடுத்தது முழுக்க ஆராயிதான். பெருக்க வேறு ஆள் வைத்துவிட்டார் கோபி.

அடுத்த வாரம் புவனேஸ்வரி மறுபடி கூப்பிட்டாள். கொல்லிமலையில் ஒரு கடையில் இதே கோளாறாம். அவர்களை ஆராயியிடம் பேசச் சொல்லட்டுமா என்று கேட்டாள். பத்தே நிமிஷப் பேச்சில் அந்தக் கடை சரியானது.

அன்று சாயங்கால பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்த பழைய எஸ்டேட் தோழி ராணியிடம் தலைச்சோலை வரும் வரைக்கும் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள் ஆராயி.